வரலாற்றைப் படக்கதையாக வரைவது எப்படி? குமரி மாவட்டத்தில் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்ட கேள்விகள்

கல்குளம் தாலுகாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறேன். மே மாத விடுமுறையில் ஊர் நூலகத்தில் பத்துப் பதினைந்து பிள்ளைகளை உட்கார வைத்து, நம் மாவட்டத்தில் நடந்ததைப் படக்கதையாக வரையச் சொல்லிக்கொடுப்பேன். பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மா அப்பாக்களும் வருடாவருடம் கேட்கிற கேள்விகள் இவை.

காமிக்ஸ் என்றாலே கற்பனைதானே? அதில் வரலாறு எப்படி வரும்?

நம்மில் பலருக்குக் காமிக்ஸ் என்றதும் நினைவுக்கு வருவது இரும்புக்கை மாயாவிதான். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் அவரைக் கொண்டுவந்தது. 1984-இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்த தலைமுறை நாங்கள். அதனால் படக்கதை என்றால் கற்பனை என்று மனதில் பதிந்துவிட்டது.

ஆனால் கட்டம் போட்டுக் கதை சொல்வது ஒரு வழி, அவ்வளவுதான். அந்த வழியில் எதையும் சொல்லலாம். அமெரிக்காவில் 1957-இல் மார்ட்டின் லூதர் கிங்கின் பேருந்துப் புறக்கணிப்புப் போராட்டத்தை 16 பக்கப் படக்கதையாக அச்சிட்டுக் கறுப்பின மக்களிடையே பரப்பினார்கள். அதைப் படித்த இளைஞர்களில் ஒருவர் ஜான் லூயிஸ். பிற்பாடு அவரும் பெரிய போராளியாகி நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். தன் வாழ்க்கையையே 2013 முதல் ‘மார்ச்’ என்று மூன்று படக்கதைப் புத்தகங்களாகக் கொண்டுவந்தார். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது ஆறு வயதுப் பையனாக இருந்து உயிர் பிழைத்த கெய்ஜி நகசாவா, 1973-இலிருந்து அந்த அனுபவத்தைப் படக்கதையாக வரைந்தார். ஆர்ட் ஸ்பீகல்மன் நாஜி முகாமில் தப்பிப் பிழைத்த தன் அப்பாவின் கதையை ‘மௌஸ்’ என்று வரைந்தார். அதற்கு 1992-இல் புலிட்சர் சிறப்புப் பரிசு கிடைத்தது.

பாடநூலிலேயே வரலாறு இருக்கிறதே. படக்கதை கூடுதலாக என்ன கற்றுத்தரும்?

படிக்கிறவருக்குக் கிடைப்பதைவிட வரைகிறவருக்குக் கிடைப்பது அதிகம். நான் இத்தனை வருடமாக இதைச் செய்வதே அதற்காகத்தான்.

எழுத்தில் தப்பித்துவிடலாம். ‘பெண்கள் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்கச் சென்றனர்’ என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. அதையே வரைய வேண்டும் என்றால் என்ன உடுத்தியிருந்தார்கள், குடம் மண்ணா பித்தளையா, எங்கே சுமந்தார்கள், காலில் செருப்பு உண்டா, பின்னால் என்ன மரம் நிற்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் பதில் தெரிந்தாக வேண்டும்.

ஒரு வருடம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி 1820-களின் நாடார் பெண் ஒருவரை வரைந்தாள். அழகான படம். இடுப்பில் குடம். தமிழ்ப் பெண் என்றால் எல்லோர் கையும் தானாக அப்படித்தான் வரையும். “இது சரியா என்று பார்த்துச் சொல்லு” என்று, அந்தக் காலத்தில் நம் மாவட்டம் சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் யாருக்கு என்னென்ன விலக்கப்பட்டிருந்தது என்ற பட்டியலைக் கொடுத்தேன். நாடார்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பொன் நகை அணியக் கூடாது, மாடி வீடு கட்டக் கூடாது. பெண்கள் இடுப்பில் குடம் சுமக்கவும் கூடாது. அவள் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் ரப்பரை எடுத்து இடுப்பிலிருந்த குடத்தை அழித்துத் தலையில் ஏற்றினாள். ஒரு கை குடத்தைப் பிடிக்க மேலே போனது. படத்தில் அந்தப் பெண்ணின் நிற்கும் விதமே மாறிப்போயிற்று.

இன்னொரு பையன் குளச்சல் போரை வரைந்தபோது பின்னணியில் வரிசையாக ரப்பர் மரம், கீழே மரச்சீனி (மரவள்ளி) செடி. அவன் வீட்டைச் சுற்றி அதுதானே இருக்கிறது! ரப்பர் தோட்டம் இந்தப் பக்கம் வந்தது இருபதாம் நூற்றாண்டில். மரச்சீனியை மக்களிடம் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. வீட்டுக் கூரையில் அவன் வரைந்த மங்களூர் ஓடு 1860-களுக்குப் பிறகு வந்தது. எல்லாம் போக 1741-க்கு மிஞ்சியது பனையும் தென்னையும் ஓலைக் குடிசையும்தான். அந்தப் பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். எந்தச் சினிமாவுக்குப் போனாலும் பின்னால் நிற்கும் மரத்தைத்தான் பார்க்கிறேன் டீச்சர் என்கிறான்.

முதலில் எதைப் படிக்கலாம்?

தமிழில் கிடைக்கிறவற்றில் ‘பீமாயண’த்தைக் கையில் எடுங்கள். அம்பேத்கரின் இளமைக் கால அனுபவங்களையும் 1927 மகாட் குளப் போராட்டத்தையும் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்த புத்தகம். அவர்கள் சதுரக் கட்டமே போடவில்லை. வழக்கமான பேச்சுக் குமிழியும் கிடையாது. அன்பாகப் பேசுகிறவர் வார்த்தை பறவை வடிவத்துக்குள் வரும். சாதி பார்த்துக் கொட்டுகிறவர் வார்த்தைக்குத் தேள் கொடுக்கு வால். ஏழு வயதுப் பிள்ளைக்கும் புரியும், எழுபது வயதுக்காரரையும் குத்தும். ஈரானில் வளர்ந்த கதையைச் சொல்லும் மர்ஜானே சத்ரபியின் புத்தகமும் தமிழில் வந்திருக்கிறது. அது பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிறவர்களுக்கு.

அமர் சித்திரக் கதைகள் போதாதா?

அனந்த் பை 1967-இல் தொடங்கிய வரிசை அது. நம் பிள்ளைகளுக்கு வெளிநாட்டுப் புராணம் தெரிந்த அளவுக்கு நம் கதை தெரியவில்லையே என்ற ஆதங்கத்தில் தொடங்கினார். எண்பதுகளில் தமிழிலும் வந்தன. எனக்கு ஜான்சிராணியை அறிமுகம் செய்தது அதுதான், அந்த நன்றி என்றைக்கும் உண்டு.

ஆனால் குறையையும் சொல்லத்தான் வேண்டும். நல்லவர் என்றால் வெள்ளை நிறம், கெட்டவர் என்றால் கறுப்பு என்று பல இதழ்களில் இருக்கும். புராணமும் வரலாறும் ஒரே மாதிரி அட்டையில், ஒரே மாதிரி ஓவியத்தில் வந்ததால் எது நடந்தது எது நம்பிக்கை என்று பிள்ளைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. படிக்கக் கொடுங்கள். கூடவே உட்கார்ந்து, “இந்த ஆளை ஏன் இப்படி வரைந்திருக்கிறார்கள்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

நம் மாவட்டத்தில் வரைய என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வி கேட்டவர் தக்கலைக்காரர்! பத்மநாபபுரம் அரண்மனை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் அது. புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. அதற்குள் டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை, லத்தீனும் தமிழும் வெட்டிய கல்லோடு கிடக்கிறது. சிதறால் மலையில் ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள். தலைக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய், பூதப்பாண்டியில் பிறந்த ஜீவா, தேரூர்க் கவிமணி, ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர்.

1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணை, 1966-இல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலம். கல்லை உடைத்தவர், மண் சுமந்தவர் கதையாக இவற்றை வரையலாம். சுசீந்திரம் கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காக 1926-இல் நடந்த சத்தியாகிரகம் இருக்கிறது. 1936 நவம்பர் 12-ஆம் தேதி வந்த ஆலயப் பிரவேச அறிவிப்பு இருக்கிறது.

அப்புறம் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த கதை. 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு. மார்ஷல் நேசமணி நடத்திய போராட்டத்தின் பலனாக 1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாவும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனது. அந்த ஆகஸ்டில் பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. யாரையாவது முதலில் வரைய வேண்டும் என்றால் அவர்களைத்தான். ஆவணம் அங்கேயே இருக்கும், தாத்தா இருக்கமாட்டார்.

குளச்சல் போரை வரையும்போது என்ன கவனிக்க வேண்டும்?

எல்லாப் பையன்களும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். 1741-இல் இலங்கையிலிருந்து வந்து குளச்சலில் இறங்கிய டச்சுக் கம்பெனிப் படையைத் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்தது. பிடிபட்ட டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்து, ‘வலிய கப்பித்தான்’ (பெரிய தளபதி) ஆகி, 1777-இல் இங்கேயே இறந்தார். இவ்வளவும் உறுதி. தேதியை ஆகஸ்ட் 10 என்று சில நூலும் ஜூலை 31 என்று சில நூலும் போடுகின்றன. படக்கதையில் 1741 என்று ஆண்டை மட்டும் போட்டால் போதும் என்பது என் கருத்து.

பனந்தடியை வண்டியில் ஏற்றிப் பீரங்கி மாதிரிக் காட்டி ஏமாற்றினார்கள் என்று நம் பக்கத்தில் ஒரு கதை உண்டு. கேட்கவே ஆசையாக இருக்கும், வரையவும் அருமை. வரையுங்கள். ஆனால் ஒரு கிழவர் பேரனுக்குச் சொல்வதாக அந்தக் கட்டத்தை அமையுங்கள். படிக்கிறவருக்கு அது ஊர் வழக்கு என்று புரிந்துவிடும்.

மார்த்தாண்ட வர்மாவை முழு வீரனாக மட்டும் வரைந்து முடித்துவிடாதீர்கள். வில்லுப்பாட்டில் ‘தம்பிமார் கதை’ என்று ஒன்று பாடுவார்கள். அதில் அதே அரசர், முந்திய அரசரின் மகன்களான தம்பிமார் இருவரைக் கொன்றவராக வருகிறார். ஒரே ஆளை அரண்மனை ஒரு விதமாகவும் ஊர் வேறு விதமாகவும் நினைவில் வைத்திருக்கிறது. அந்த இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்தில் வரைந்த ஒரு பிள்ளையின் நோட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தோள்சீலைப் போராட்டத்தைப் பிள்ளைகள் வரையலாமா? கூச்சமாக இருக்காதா?

வரைய வேண்டும் என்பேன். மார்பை மறைத்து மேலே துணி போடும் உரிமை, நம் கொள்ளுப்பாட்டிமாருக்கு முந்திய பாட்டிமார் அடிபட்டு வாங்கிய உரிமை அது. மத்திய அரசுப் பாடத்திட்டத்தின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் இதைப் பேசிய பாடத்தை 2019-இல் எடுத்துவிட்டார்கள். அப்படியிருக்க நாமும் கூச்சப்பட்டு விட்டுவிட்டால் எப்படி?

கூச்சம் வருவது எந்த இடத்தில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. சந்தையில் வேடிக்கை பார்க்கிறவன் கண்ணிலிருந்து வரைந்தால் அந்தப் பெண்ணுக்கு இரண்டாம் முறை அவமானம். நடந்துபோகும் பெண்ணின் கண்ணிலிருந்து வரையச் சொல்வேன். அப்போது கட்டத்தில் அவள் உடம்பு வராது. எதிரே நிற்கும் முகங்கள் வரும், நீண்டுவரும் கைகள் வரும், அவள் விரல் இறுக்கிப் பிடித்திருக்கும் துணியின் நுனி வரும். இதைச் சொல்லிக்கொடுத்த பிறகு ஆண் பிள்ளைகள்கூட அமைதியாக உட்கார்ந்து வரைகிறார்கள்.

காலத்தையும் ஒழுங்காகப் பிரியுங்கள். 1822-23-இல் கல்குளம் பகுதியில் முதல் மோதல். 1827 முதல் 1829 வரை அடுத்தது. 1858-59-இல் பெரிய கலவரம். 1859 ஜூலை 26-ஆம் தேதி அரசரின் அறிவிப்பு வந்தது. அந்த அறிவிப்போடு எல்லாம் கிடைத்துவிட்டது போல வரைவதைப் பார்த்திருக்கிறேன். அறிவிப்பைப் படித்துப் பார்த்தால் அப்படி இல்லை. நாடார் பெண்கள் கிறிஸ்தவப் பெண்கள் போலக் குப்பாயம் (மேல்சட்டை) போடலாம், மீனவச் சாதியான முக்குவப் பெண்கள் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், வேறு எப்படியும் மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது. அந்த ‘ஆனால்’ என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு கட்டம் ஒதுக்குங்கள்.

நாங்கேலியின் கதையும் இதுதானே?

இல்லை. நாங்கேலி சேர்த்தலைப் பக்கத்து ஈழவப் பெண்ணாகச் சொல்லப்படுகிறவர். முலைவரி என்று பெண்களிடம் கேட்ட வரியை எதிர்த்துத் தன் மார்பையே அறுத்தார் என்பது அந்த ஊர் மக்கள் வாய்மொழியாகக் காத்துவந்த கதை. நம் பக்கத்துத் தோள்சீலைப் போராட்டத்துக்குக் கடிதமும் ஆணையும் நாட்குறிப்பும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே கதையாக்கி அனுப்புகிறார்கள். மக்கள் நினைவு என்று சொல்லி நாங்கேலியை வரையலாம், அவரைக் கல்குளத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

சாமி, மதம் சம்பந்தப்பட்ட ஆட்களை வரைந்தால் பிரச்சினை வராதா?

கவனமாக இருந்தால் வராது. சாதிக் கொடுமையை எதிர்த்த அய்யா வைகுண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1809-இல் பிறந்தவர். அவரை வழிபடும் இடமான சாமித்தோப்புப் பதியில் சிலை கிடையாது. கண்ணாடியும் விளக்கும்தான். கும்பிடப் போகிறவர் கண்ணாடியில் தன்னையே பார்க்கிறார். அப்படியிருக்க நாம் ஏன் அவர் முகத்தைக் கற்பனை செய்ய வேண்டும்? தலைப்பாகை கட்டிக்கொண்டு நிமிர்ந்து வரும் மக்களை வரையுங்கள், முந்திரிக் கிணற்றில் சேர்ந்து தண்ணீர் இறைக்கும் பல சாதிக்காரர்களின் கைகளை வரையுங்கள்.

தேவசகாயம் விஷயத்தில் கேள்வி வேறு. நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன் 1745-இல் ஞானஸ்நானம் பெற்றார். 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ஆம் தேதி புனிதர் பட்டம். மதம் மாறியதற்காகத்தான் கொன்றார்கள் என்கிறது திருச்சபை. ராஜதுரோகக் குற்றம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. இரண்டு வாதத்தையும் பாத்திரங்கள் வாயிலாகவே சொல்லவைக்கலாம்.

இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த 1982 மண்டைக்காட்டுக் கலவரத்தைப் பிள்ளைகள் கையில் நான் கொடுப்பதில்லை. இரு பக்கத்துக் குடும்பங்களும் இன்னும் அந்தக் காயத்தோடு வாழ்கின்றன. நன்றாக விசாரித்து எழுதத் தெரிந்த பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை அது.

அவர்கள் பேசியது நமக்குத் தெரியாதே. வசனத்தை நாமே எழுதலாமா?

எழுதலாம், எழுதியது நாம்தான் என்று தெரியும்படி. நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஆவணத்தில் உள்ள சொற்களுக்கு முழுக்கோட்டுக் குமிழி. நாமாக எழுதிய வசனத்துக்கு விட்டுவிட்டுப் போகும் கோட்டுக் குமிழி. பாட்டிலும் ஊர்க்கதையிலும் இருந்து எடுத்தால் அலைபோன்ற கோடு. முதல் பக்கத்தில் இதை விளக்கிவிடுவோம்.

கணியாகுளம் போரை உதாரணமாகச் சொல்கிறேன். 1634-இல் திருமலை நாயக்கர் படையோடு மோதி நம் பக்கத்துப் படைத்தலைவர் இரவிக்குட்டிப் பிள்ளை விழுந்தார். இது வரலாறு. போருக்குக் கிளம்பும்போது கெட்ட கனவு கண்டோம் என்று வீட்டுப் பெண்கள் தடுக்கிறார்களே, அது கதைப்பாட்டில் வருவது. வில்லுப்பாட்டுக்காரர் வில்லில் அடிக்கும் வீசுகோலை நிறுத்தி, குடமும் உடுக்கையும் அடங்கி, அந்தப் புலம்பல் ஒலிக்கும்போது கோயில் முற்றத்தில் பேச்சு மூச்சு இருக்காது. அதை விட்டுவிட யாருக்கு மனசு வரும்? அலைக்கோட்டுக்குள் போடுங்கள்.

ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால்?

இரண்டையும் வரையுங்கள். ஜோ சாக்கோ என்ற நிருபர் காசாவில் 1956-இல் நடந்த படுகொலையைப் பற்றி வரைந்த புத்தகத்தில், சாட்சிகள் ஒருவருக்கொருவர் முரண்படுவதையே காட்டியிருப்பார்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘மௌஸ்’ புத்தகத்தில் ஓர் இடம். ஆஷ்விட்ஸ் முகாமில் கைதிகள் வேலைக்குப் போகும்போது வாத்தியக் குழு வாசித்தது என்று ஆவணங்கள் சொல்கின்றன. மகன் அதைக் கேட்கிறார். அப்பாவோ அப்படி எதையும் தான் பார்க்கவில்லை என்கிறார். ஸ்பீகல்மன் என்ன செய்தார் தெரியுமா? ஒரு கட்டத்தில் வாத்தியக் குழு நன்றாகத் தெரிகிறது. அப்பா மறுத்த பிறகு வரும் கட்டத்தில் நடந்துபோகும் கைதிகளின் வரிசை அந்தக் குழுவை மறைத்துவிடுகிறது. தலைகளுக்கு மேலே வாத்தியங்களின் நுனி மட்டும் கொஞ்சம் தெரியும். அப்பாவையும் பொய்யர் ஆக்கவில்லை, ஆவணத்தையும் விடவில்லை. எழுத்தில் இதற்கு அரைப் பக்கம் வேண்டும்.

பழைய பத்திரத்தில் 1034 என்றெல்லாம் ஆண்டு போட்டிருக்கிறது. அது என்ன?

கொல்லம் ஆண்டு. திருவிதாங்கூர் ஆவணங்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான். சிங்க மாதப் பிறப்பு, அதாவது ஆகஸ்ட் நடு, புத்தாண்டு. கொல்லம் ஆண்டோடு 825-ஐக் கூட்டினால் ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் நடு வரையான மாதங்களுக்கு ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஆகஸ்ட் நடுவுக்குப் பிறகு டிசம்பர் வரை என்றால் 824-ஐக் கூட்ட வேண்டும். 1859 ஜூலை அறிவிப்பு 1034-இல் வருவது அப்படித்தான். இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவேன்.

ஆதாரம் எங்கே தேடுவது?

நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்திலிருந்து தொடங்குங்கள். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் அ.கா. பெருமாள் நம் மாவட்டத்தைப் பற்றி எழுதிய நூல்களைத் தேடிப் படியுங்கள். ஆங்கிலம் படிக்க முடிந்தால் நாகம் ஐயாவின் 1906-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் கையேடு இருக்கிறது, மூன்று தொகுதி. 1956-க்கு முந்தைய அரசு ஆவணங்கள் பெரும்பாலும் திருவனந்தபுரத்தில்.

புத்தகம் மட்டும் போதாது. பத்மநாபபுரத்துக்கு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போங்கள் (திங்கட்கிழமை விடுமுறை). தூண், விளக்கு, வாள், கட்டில், கூரையின் மரவேலை என்று கண்ணால் பார்த்து வரையுங்கள். போனில் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் கண் பார்க்காது.

எனக்கு வரையவே வராதே?

குச்சி மனிதன் வரைய வருமா? போதும். சரியான குடை, சரியான குடம், சரியான மரம் இருந்தால் குச்சி மனிதனும் வரலாறு சொல்வான்.

குமிழிக்குள் எந்தத் தமிழில் எழுதுவது?

கடற்கரைக்காரர் கடற்கரைத் தமிழில் பேசட்டும். விளவங்கோட்டுக்காரர் பேச்சில் மலையாளம் கலக்கும், நாஞ்சில் நாட்டுக்காரர் பேச்சு வேறு. பாட நூல் தமிழில் பனையேறி பேசினால் அவர் கையிலிருக்கும் அக்கானி (பதநீர்) கலயமே பொய்யாகிவிடும். விவரக் கட்டத்தில் மட்டும் பொதுத்தமிழ்.

இன்னொன்று, தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குமிழியை முதலில் வரைந்துவிட்டு ‘அனுமதிக்கப்படமாட்டார்கள்’ என்பதை அதற்குள் திணிக்க முடியாது. முதலில் எழுத்து, அதைச் சுற்றிக் குமிழி, மிச்ச இடத்தில் படம்.

அச்சிட முடியுமா?

ஏ4 தாளை நடுவில் மடித்து ஸ்டேப்ளர் அடித்தால் ஒரு தாளுக்கு நான்கு பக்கம். அதனால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக, எட்டோ பன்னிரண்டோ பதினாறோ இருக்கட்டும். கறுப்பு வெள்ளையில் வரைந்தால் ஜெராக்ஸ் கடையிலேயே முடிந்துவிடும்.

முடித்த பிறகு முதலில் யாரிடம் காட்ட வேண்டும்?

யாருடைய கதையோ அவரிடம். உயிரோடு இருப்பவர் சொன்ன கதை என்றால், வரையும் முன்னும் அனுமதி கேட்க வேண்டும், வரைந்த பின்னும் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும்.

தூத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி ஒக்கிப் புயலை வரைந்தாள். 2017 நவம்பர் கடைசியில் அடித்த புயல். ஆழ்கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. அவள் பாட்டி அன்று ராத்திரி கரையில் நின்றவர். பேத்தி அவரிடம் கேட்டு, பத்துக் கட்டம் வரைந்து, கடைசிக் கட்டத்தில் பனை உயரத்துக்குக் கறுப்பு அலை எழும்பி வள்ளத்தைக் கவிழ்ப்பதாகப் போட்டிருந்தாள். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டிய படம். நான் உட்பட.

பாட்டி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். கூரை பறந்தது சரி, கரண்டுக் கம்பம் விழுந்தது சரி என்று தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது.

“இத யாரு மோளே கண்டா?”

“நீங்க சொன்னதுதானே பாட்டி.”

“நான் சொல்லல. நாங்க கரையில நின்னோம். ஒண்ணும் தெரியல. காத்துச் சத்தம் மட்டும்தான். விடியுற வரைக்கும் அப்படியே நின்னோம்.”

அவள் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தாள். பக்கம் முழுவதும் கறுப்பு மையால் அடைத்தாள். கீழே ஓரத்தில் ஐந்தாறு பெண்களின் முதுகு, தலையில் இழுத்துப் போட்ட முந்தானை. குமிழி எதுவும் இல்லை. பாட்டியிடம் திரும்பக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இடமிருந்து மூன்றாவது முதுகைத் தொட்டு, “இது நான்” என்றார்.